கொடுவா மீனும் நம் தூண்டிலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு செயலாளர் எங்களை அழைத்து, “நீங்கள் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசுங்கள்” என்றபோது முதலில் நகைத்தோம், பின்னர் அஞ்சினோம். ‘எங்கள்’ என்று நாங்கள் கூறுவது பெருமைப் பன்மை அன்று. மட்டாஞ்சேரியில் பகலெல்லாம் கடையிலும் கிடங்கிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு, அந்தி மயங்கும் வேளையில் தூண்டிலும் கையுமாய்க் காயற்கரை செல்லும் ஐந்தாறு பேர் இக்காலனியில் உள்ளோம். அவர்கள் அனைவரின் சார்பிலும் இவ்வுரை நிகழ்கின்றது.

“வணிகமும் வேலையும் தேடி வந்த நமக்கு மீனைப் பற்றிய அறிவு எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். தமிழர்க்குத் தூண்டில் புதிதன்று. ஐந்திணையுள் ஒன்றாகிய நெய்தல் முழுவதும் பரதவர் வாழ்வே அன்றோ? சூதாடுவோன் பெறும் வெற்றிக்கு உவமை தேடிய வள்ளுவப் பெருந்தகை, தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கிய மீனையே எடுத்துக்காட்டினார். அதுவே போதுமான விடை. எனினும் மற்றொன்றும் உண்டு. நாம் நீர் சூழ்ந்த ஊரில் வாழ்கின்றோம். நம் பிள்ளைகள் இந்நீர்க்கரையிலேயே பிறந்து வளர்கின்றனர். தாம் வாழும் இடத்து நீரை அறியாதவர் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் அவ்விடத்திற்கு விருந்தினரே ஆவர்.

நிற்க. காயலில் மீன் வகை பலவுண்டு. கரிமீனின் சுவையைக் கூற வேண்டுவதில்லை. 2010-ஆம் ஆண்டில் கேரள அரசு அதனை மாநில மீனாகவே அறிவித்துவிட்டது. திருதா என்று இவ்வூரார் வழங்கும் மடவையும் உண்டு. ஆனால் தூண்டிற்காரனின் பொறுமையையும் அறிவையும் ஒருசேரச் சோதிப்பது கொடுவா ஒன்றே. மலையாளத்தார் இதனைக் காளாஞ்சி என்பர். வங்காளத்தார் பேட்கி என்று போற்றுவர். ஆஸ்திரேலியாவில் பாரமண்டி என்பது பெயர். பாரசீக வளைகுடா தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடகரை வரை பரவி வாழும் இம்மீன், ஓராள் மார்பளவு நீளத்திற்கும் வளரவல்லது. வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற மேனி; குழிந்த நெற்றி; அகன்ற வாய். இரவில் விளக்கொளி பட்டால் அதன் கண் தணல்போல் மின்னும்.

கண் மின்னும் மீன் என்றவுடன் எங்கள் தோழர் ஒருவரின் மைந்தர் கனடாவிலிருந்து எழுதிய மடல் நினைவுக்கு வருகின்றது. அந்நாட்டு ஏரிகளில் ‘வால்ஐ’ என்றொரு மீன் உண்டாம். அதன் விழிக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருத்தலால், அந்தியிலும் கலங்கல் நீரிலும் அது தன் இரையைத் தெளிவாகக் காணும். இரைக்கோ அதனைக் காணல் அரிது. ஆதலின் அங்குள்ளோர் பொழுது சாயும் நேரத்திலேயே படகேறுவராம். அட்டையையும் மண்புழுவையும் சிறு மீனையும் ஈயத்தலை கொண்ட தூண்டில்முள்ளில் கோத்து, ஏரித் தரையை ஒட்டி மெல்ல மெல்லத் தூக்கியும் இறக்கியும் ஆட்டுவராம். ஈராயிரம் காதத்திற்கு அப்பாலும் நாம் கையாளும் முறையே அங்கும் வழங்குவது கண்டு வியந்தோம். மங்கிய ஒளியில் வேட்டையாடும் மீனை மங்கிய ஒளியிலேயே நாட வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவாகிய முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நீரோட்டம். வட நாட்டு ஏரியில் ஓதம் இல்லை. இங்கோ ஓதமே அரசு செலுத்துகின்றது. கொச்சியில் கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகின்றது. ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய 1 மீட்டரே. ஆயினும் வேம்பநாட்டுக் காயல் நீரின் பெரும்பகுதி வைப்பினுக்கும் கொச்சிக் கோட்டைக்கும் இடையிலுள்ள குறுகிய முகத்தின் வழியே புகுந்து வெளியேற வேண்டியிருத்தலால், ஓட்டம் கடுமையாக இருக்கும். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். இந்நாள்களை இப்பக்கத்து இறால் கெட்டுக்காரர் ‘தக்கம்’ என்பர். தக்க நேரம் என்னும் நம் வழக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருதல் இயல்பே.

எங்களுக்கு ஆசானாக வாய்த்தவர் முதிய மலையாள மீனவர் ஒருவர். சேட்டன் என்றே அழைப்போம். சீனவலைக் கட்டையருகில் அமர்ந்து பீடி புகைத்தவாறு அவர் கூறிய ஒரு சொல்லை இன்றும் மறவோம்: “நீர் நடக்கும்போது காளாஞ்சி நிற்கும், நீர் நிற்கும்போது காளாஞ்சி நடக்கும்.” நீர் விரைந்தோடும்போது கொடுவா எதிர்நீச்சல் இட்டு வீணே களைப்பதில்லை. பாலத்தூண், கல்லடுக்கு, நீரில் சாய்ந்த மரம் ஆகியவற்றின் மறைவில் ஒதுங்கி நின்று, ஓட்டம் கொண்டுவரும் இரையைக் கவ்வும். ஓட்டம் தணிந்து ஏற்றம் வற்றமாக மாறும் சிறு பொழுதில் மறைவை விட்டு வெளிவந்து உலாவும். ஆகவே நீர் ஓடும்போது தூணின் நிழலை நோக்கி இரையை விட வேண்டும். நீர் நிற்கும்போது வெளியே விட வேண்டும். இவ்வொரு வாக்கியத்தின் பொருள் விளங்க எங்களுக்கு இரண்டாண்டு பிடித்தது.

கும்பளங்கி, செல்லானம் பக்கத்துப் பொக்காளி வயல்களை அன்பர் பலர் கண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் நெல்லும், அறுவடைக்குப் பின் இறாலும் விளையும் நிலங்கள் அவை. வயலுக்கும் காயலுக்கும் இடையே நீர் புகவும் வடியவும் அமைந்த மதகினை அவ்வூரார் ‘தூம்பு’ என்கின்றனர். நம் ஏரிகளில் வழங்கும் தூம்பு என்னும் அதே சொல்தான்! ஓதம் வற்றும்போது தூம்பின் வாய்க்கு வெளியே இறாற்குஞ்சுகளும் சிறு மீன்களும் நீரோடு வந்து விழும். கொடுவா அங்கே வாய் திறந்து காத்திருக்கும். ஆனால் கெட்டினைக் குத்தகைக்கு எடுத்தவரின் இசைவு பெறாமல் அங்கே தூண்டில் இடுதல் தகாது. அது அவர்தம் பிழைப்பு, நமக்கோ பொழுதுபோக்கு.

இனிக் கருவிகளைப் பற்றிச் சில சொல்வோம். முற்காலத்தில் கையில் சுற்றிய பருத்திக் கயிறே போதுமானதாய் இருந்தது. இப்பொழுது தங்கூசி நரம்பும், இழைகளைப் பின்னிய நூலும், சுழல் உருளை பூட்டிய கோலும் எளிதில் கிடைக்கின்றன. தொடங்குவோர்க்கு 7 அடிக் கோலும், 10 முதல் 15 கிலோ வரை எடை தாங்கும் நூலும் போதும். நூலின் முனையில் ஒரு பாகம் நீளத்திற்குத் தடித்த தங்கூசியை இணைத்தல் இன்றியமையாதது. கொடுவாயின் வாய் அரம்போல் சொரசொரப்பானது. அதன் செவுள்மூடியின் விளிம்போ கத்திக்கு நிகரானது. மெல்லிய நூல் அதில் உராய்ந்தால் அறுந்துபோகும். எங்களுள் ஒருவர் ஆர்வ மிகுதியால் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிவிட்டு, உள்ளங்கையில் நான்கு தையல் இட்டுக்கொண்டார். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் பெயரைக் கூறோம்!

இரைகளுள் உயிருள்ள இறாலே தலையாயது. நாரன் என்று இங்கு வழங்கும் வெள்ளிறாலைக் கண்டால் கொடுவா எளிதில் விடாது. இறாலின் தலையிலுள்ள கரும்புள்ளியில் முள் தைத்தால் அது உடனே இறக்கும். ஆதலின் வாலுக்கு முந்திய கணுவில் மென்மையாகக் கோத்தல் வேண்டும். சிறு மடவையாயின் மேலுதட்டில் கோக்கலாம். ஓட்டத்தின் அளவறிந்து ஈயக்குண்டு கட்டுக. இரை உருளாமல் நிற்கவும் வேண்டும், உயிரோடு துள்ளவும் வேண்டும். மரத்தாலும் ரப்பராலும் செய்த பொய்யிரை கொண்டு பிடிப்போரும் உளர். அவர் கற்க வேண்டுவது ஒன்றே: இழுத்துக்கொண்டே இராமல் இடையிடையே நிறுத்துக. இரை நின்று தளர்ந்தாற்போல் தோன்றும் அந்நொடியிலேதான் கொடுவா பாயும். அது கடிப்பதில்லை; வாயை விரைந்து திறந்து நீரோடு இரையையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அமைதியான இரவில் அவ்வோசை, பானை கவிழ்ந்தாற்போல் ‘பூப்’ என்று கரை வரை கேட்கும்.

மீன் மாட்டியபின் பதற்றம் கூடாது. கொடுவா நீருக்கு மேல் எழும்பித் தலையை உதறும். அப்போது கோலின் நுனியைத் தாழ்த்தி நூலைச் சிறிது தளர்த்துக. விறைப்பாகப் பிடித்தால் முள் தெறித்துவிடும். பெருமகனைக் கண்டால் தலைதாழ்த்துவது போன்றது இது என்று எங்கள் குழுவில் இளையோர்க்குக் கூறுவது வழக்கம்.

இதுகாறும் கூறியன பிடிக்கும் முறைகள். இனி விடும் முறையைப் பற்றிக் கூற வேண்டும். உண்மையில் அதன்பொருட்டே இம்மேடை ஏறினோம்.

1998-ஆம் ஆண்டில், மழை தொடங்கிய நாள்களில், எங்களுக்கு ஒரு பெருமீன் அகப்பட்டது. 11 கிலோ எடை. தோளில் மூங்கில் இட்டு இருவர் சுமந்து காலனிக்குள் வந்தோம். பிள்ளைகள் பின்னே ஓடிவந்தனர். ஒன்பது வீட்டிற்குப் பங்கிட ஏற்பாடாயிற்று. முற்றத்தில் அமர்ந்து மீனைக் கீறிய மூதாட்டி ஒருவர் திடுமெனக் கையை நிறுத்தினார். இரு கை கொள்ளாத சினைப்பை இரண்டு உள்ளே இருந்தன. “அடப்பாவிகளா, இது பிள்ளைத்தாய்ச்சி அல்லவா!” என்றார். அன்றைய குழம்பு எங்களுக்கு இறங்கவில்லை.

அதன்பின் மீனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். அப்போது அறிந்தது எங்களை வியப்பில் ஆழ்த்தியது. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதலில் பருவம் எய்துகின்றது. சில ஆண்டு அவ்வாறு வாழ்ந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுகின்றது! ஆகவே காயலிலுள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறத்தாழ அனைத்தும் தாய்மீன்களே. ஒரு பெருந்தாய் இலட்சக்கணக்கான முட்டைகளை இடவல்லது. ஒரு மீன் தாயாவதற்கு ஆண்டுகள் பல வேண்டும். அதனைத் தீர்த்துவிட ஒரு மாலைப்பொழுது போதும். நாம் எதனை வீரமென்று சுமந்து வந்தோமோ, அதுவே காயலுக்கு ஈடுசெய்தற்கரிய இழப்பு.

மற்றொன்றும் அறிந்தோம். இம்மீன் கடல் முகத்து உவர்நீரில் பிறக்கின்றது. குஞ்சாகக் காயலுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் புகுந்து வளர்கின்றது. இனம் பெருக்குதற்கு மீண்டும் உவர்நீரையே நாடிச் செல்கின்றது. பிறந்த நீர் ஒன்று, வளர்ந்த நீர் ஒன்று என்னும் வாழ்வு இந்த அவைக்குப் புதிதன்று. திருநெல்வேலியிலும் மதுரையிலும் தஞ்சையிலும் வேர் கொண்டு மட்டாஞ்சேரியில் கிளை பரப்பிய நமக்கு அதன் வழிநடை நன்கு விளங்கும். வழி திறந்திருந்தால்தான் அத்தகைய வாழ்வு நடக்கும். 1976-இல் இயங்கத் தொடங்கிய தண்ணீர்முக்கம் தடுப்பணை, குட்டநாட்டு நெல்லைக் காக்கக் கோடையில் உவர்நீரை மறிக்கின்றது. அதனால் நெல் பிழைத்தது. மீனின் வழியோ அக்காலத்தில் அடைபட்டது. 2024 மே திங்களில் பெரியாற்றில் ஏலூர்ப் பக்கத்தில் மீன்கள் கூட்டங்கூட்டமாய்ச் செத்து மிதந்த காட்சியையும் மறக்கவில்லை. கூண்டில் மீன் வளர்த்தோரின் ஆண்டு முழுதுமான உழைப்பு ஓரிரவில் அழிந்தது. இவற்றையெல்லாம் மாற்றும் ஆற்றல் தூண்டிற்காரர் ஐவருக்கு இல்லை. ஆனால் நம் கைக்குள் அகப்பட்ட ஒரு மீனின் செய்தியில் முடிவு செய்யும் ஆற்றல் நமக்கு உண்டு.

ஆகவே ஒரு நெறி வகுத்தோம். ஒரு முழத்திற்குக் குறைந்தது குழந்தை. இரண்டு முழத்திற்கு மேற்பட்டது தாய். இரண்டையும் விட்டுவிட வேண்டும். இடைப்பட்டது மட்டுமே அடுக்களைக்கு உரியது. வால்ஐ மீனிலும் பெரியவை பெண்களே; அதனால் வடநாட்டு ஏரிகள் பலவற்றில் இத்தகைய அளவு விதி சட்டமாகவே உள்ளது என்று பின்னர் அறிந்து மகிழ்ந்தோம்.

விடுவதற்கும் முறை உண்டு. வட்டமாக வளைந்த முள்ளைப் பயன்படுத்துக. அது தொண்டையில் இறங்காமல் வாயின் ஓரத்தில் தைக்கும். முள்ளின் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிடுக. உலர்ந்த கையால் மீனைத் தொடற்க. தாடையைப் பற்றித் தொங்கவிடற்க. ஒரு கையை வயிற்றின்கீழ்த் தாங்கலாகக் கொடுத்து, ஓட்டத்தை எதிர்நோக்கி நீருக்குள் பிடித்திருங்கள். அது தானாக வாலை வீசிச் செல்லும்வரை காத்திருத்தல் வேண்டும். எடுத்த எடுப்பில் நீரில் எறிவது விடுதல் ஆகாது.

நெறி வகுத்தல் எளிது, நடத்தல் அரிது. 2019-ஆம் ஆண்டில் எங்களோடு வந்த பதின்மூன்று வயதுச் சிறுவனின் தூண்டிலில் இரண்டு முழத்திற்கும் மிக்க கொடுவா ஒன்று மாட்டியது. அரைமணி நேரம் போராடிக் கரை சேர்த்தான். அவன் தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளர். அவர்க்கு அப்போது வேலை குறைந்திருந்தது. அம்மீனை விற்றால் அவர்களுடைய ஒரு திங்கள் வாடகை தீரும். எங்களுக்கு நா எழவில்லை. “தம்பி, மீன் உன்னுடையது, முடிவும் உன்னுடையதே” என்றோம். அவன் நெடுநேரம் அதன் கண்ணையே பார்த்திருந்தான். பிறகு, “இதைப் பிடித்தேன் என்று சொன்னால் வீட்டில் நம்புவார்களா, மாமா?” என்று கேட்டான். “நாங்கள் சாட்சி” என்றோம். அவனே இடுப்பளவு நீரில் இறங்கி அதனை விட்டான்.

மறுநாள் காலை அவன் தாயார் எங்கள் வாயிலில் வந்து நின்றார். “அண்ணா, நீங்கள் சம்பளக்காரர். எங்கள் வீட்டு உலையைப் பற்றி நீங்கள் நினைத்தீர்களா?” என்று கேட்டார். அவ்வம்மையார் கேட்டது முற்றிலும் நியாயமே. விடுதற்கு விலையில்லை என்று எண்ணியிருந்தோம். அவ்விலையை எங்களுள் மிக எளிய வீட்டின்மேல் சுமத்தியிருந்தோம்.

அன்று மாலையே எங்கள் நெறியில் ஒரு வரி சேர்த்தோம். எவர் தாய்மீனை விடுகின்றாரோ, அவர்க்கே அத்திங்கள் முழுதும் ஏனையோர் பிடியில் முதற்பங்கு. அவ்வாறே அச்சிறுவன் வீட்டிற்குத் திங்கள் முழுதும் மீன் சென்றது. மீனை விற்று வாழும் மீனவரிடம் இந்நெறியைக் கொண்டுசென்று போதிப்பதும் இல்லை. கடலையும் காயலையும் நம்பி உலைவைப்போர் வேறு. மாலைப்பொழுதைக் கழிக்கச் செல்லும் நாம் வேறு. கட்டுப்பாடு முதலில் தேவையற்றவனுக்கே உரியது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இந்நாட்டில் முதன்முதலாகக் கொடுவாயைக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்வித்தது. சீர்காழியை அடுத்த தொடுவாயில் உள்ள பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் பிற மாநிலங்களுக்கும் செல்கின்றன. தமிழ்நாட்டில் பொரித்த மீன் பிறமாநில நீரில் வளரும் காலம் இது. ஆயினும் கூண்டில் வளர்வது வேறு. தூம்பின் வாயில் இருளில் நின்று ‘பூப்’ என்று ஒலியெழுப்பும் காயல் மீன் வேறு. அதனை நம் பேரப்பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

அன்பர்களே! அச்சிறுவன் இப்பொழுது இளைஞன். தன்னினும் சிறியார் மூவருக்கு முள் கட்டவும், இறால் கோக்கவும், ஓதம் பார்க்கவும் அவனே கற்றுக்கொடுக்கின்றான். அவன் வீட்டுச் சுவரில் அம்மீனின் படம் இல்லை; அவன் கதவு நிலையில் அதன் நீளத்திற்கு ஒரு கரிக்கோடு உண்டு. ஐயுறுவோர் சென்று காணலாம். சாட்சிகளாகிய நாங்களும் இங்கேயே இருக்கின்றோம்.

அடுத்த தக்கம் அமாவாசையை ஒட்டி வருகின்றது. விரும்பும் இளைஞர்கள் பெற்றோரின் இசைவோடு எங்களுடன் வருக. கோல் இல்லையாயினும் குறையில்லை. ஒரு முழக்கோல் மட்டும் தவறாது கொண்டுவருக.